பணம் தீர்ந்தபோது திறந்த கதவு

2024 ஜூலை 14, பெர்லின். ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம், ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும். நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி 12.30க்கு ஆரம்பித்தது. இடைவேளை முடிந்து ஆட்டம் சூடு பிடிப்பதற்குள், முந்தின நாள்தான் 17 வயது முடித்திருந்த லமீன் யமால் வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து பந்தைக் குறுக்கே தள்ளினார். நிகோ வில்லியம்ஸ் கோல் அடித்தார். இங்கிலாந்து ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. 86வது நிமிடத்தில் மார்க் குக்குரேயா இடது பக்கத்திலிருந்து தாழ்வாக அனுப்பிய பந்தை ஒயார்சபால் வலைக்குள் தட்டிவிட்டார். ஆட்டம் முடியப் போகிற நேரம், இங்கிலாந்துக்காரர் தலையால் முட்டிய பந்து கோட்டைத் தாண்டப் போனது. அங்கே நின்றிருந்த தானி ஓல்மோ அதைத் தன் தலையாலேயே வெளியே தள்ளினார். 2-1, கோப்பை ஸ்பெயினுக்கு.

யமால், குக்குரேயா, ஓல்மோ மூவரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பார்சலோனா கிளப்பின் இளையோர் அகாடமியான லா மாசியாவில் வளர்ந்தவர்கள். ஆனால் அன்று இரவு யமால் ஒருவர்தான் பார்சலோனாவின் ஆட்டக்காரர். குக்குரேயா லண்டனில் செல்சிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஓல்மோ ஜெர்மனியில் லைப்சிக் கிளப்பில். ஒரே இடத்தில் பழகியவர்களில் ஒருவர் 15 வயதிலேயே முதல் அணிக்குள் வந்துவிட்டார், மற்ற இருவரும் ஊர் ஊராகச் சுற்றினார்கள். ஏன்?

யமால் மேதை, மற்றவர்கள் அந்த அளவுக்கு இல்லை என்பது பாதி பதில். மீதிப் பாதிக்குக் கிளப்பின் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்.

முதலில் பள்ளிக்கூடம். ‘மாசியா’ என்றால் கத்தலான் மொழியில் பண்ணை வீடு. 1702ல் கட்டிய கல் வீடு ஒன்று கேம்ப் நூ மைதானத்தின் பக்கத்திலேயே இருந்தது. 1979 அக்டோபரில் அதை வெளியூர்ப் பையன்களுக்கான விடுதியாக்கினார்கள். 2011ல் விடுதி நகரத்துக்கு வெளியே பயிற்சி மைதானங்களை ஒட்டிய புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. புதுக் கட்டடத்துக்கு ஓரியோல் தோர்த் பெயர். ஊர் ஊராகப் போய்ச் சிறுவர்களின் ஆட்டத்தைப் பார்த்துப் பிள்ளை பொறுக்கிய மனிதர் அவர். பண்ணை வீட்டைக் காலி செய்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று லா மாசியா என்றால் அந்தக் கல் வீட்டை யாரும் நினைப்பதில்லை, எட்டு வயதுக் குழுவிலிருந்து இரண்டாம் அணி வரையிலான மொத்த ஏற்பாட்டையும்தான் நினைக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலிருந்தே வந்து போகிறார்கள். தூரத்துப் பிள்ளைகளுக்குத்தான் விடுதி.

விடுதி சுகமான இடமென்று நினைக்க வேண்டாம். அல்பாசெட் பக்கத்துச் சின்ன ஊரிலிருந்து 12 வயதில் வந்த ஆந்த்ரேஸ் இனியெஸ்டா, முதல் நாட்களில் ராத்திரி அழுதே தீர்த்ததைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பெண் பிள்ளைகளுக்கு அந்த அழுகைக்குக்கூட 2021 வரை இடமில்லை. விடுதியின் கதவு அவர்களுக்கு அந்த ஆண்டுதான் திறந்தது. 14 வயதில் கிளப்புக்கு வந்த ஐத்தானா பொன்மத்தி, வீட்டிலிருந்தே வந்து போய்ப் பழகினார். பிறகு 2023, 2024, 2025 என்று உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான ‘பலோன் தோர்’ விருதை வரிசையாக மூன்று முறை வாங்கினார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எழுபதுகளில் அகாடமியின் வாசலில் ஒரு அறிவிப்பு தொங்கியதாகச் சொல்வார்கள். 1 மீட்டர் 80 செ.மீ.க்குக் குறைவான பையனைக் கூட்டி வந்திருந்தால் அப்படியே திரும்பிப் போகலாம் என்று அதில் எழுதியிருந்ததாம். லவுரியானோ ருயிஸ் என்ற பயிற்சியாளர் வந்து அதைக் கிழித்துப் போட்டார். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம், ஆனால் திசை மாறியது உண்மை. பின்னால் இந்தப் பள்ளி தந்த சாவி, இனியெஸ்டா, மெஸ்ஸி மூவருமே 170 செ.மீ.யை ஒட்டிய உயரக்காரர்கள். அந்த அறிவிப்பு தொங்கிக்கொண்டே இருந்திருந்தால் மூவரும் வாசலோடு திரும்பியிருப்பார்கள்.

உயரம் வேண்டாம் என்றால் எதைப் பார்த்துப் பிள்ளையைத் தேர்வார்கள்? அதற்கு அவர்களின் தினசரிப் பயிற்சியைக் கவனிக்க வேண்டும். அதன் பெயர் ரொண்டோ. எட்டுப் பேர் வட்டமாக நிற்பார்கள், நடுவில் இரண்டு பேர். சுற்றி நிற்பவர்கள் பந்தை ஒரே தொடலில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் இருப்பவர்கள் பறிக்க வேண்டும். பறிகொடுத்தவன் நடுவுக்குப் போவான். நம் தெருக்களில் பந்தைக் கைக்குக் கை மாற்றி நடுவில் நிற்பவனைத் தவிக்க விடும் விளையாட்டைக் காலால் ஆடுவது போல. பார்க்க வேடிக்கை. ஆனால் ஒரு ரொண்டோவை இரண்டு நிமிடம் உற்றுப் பாருங்கள். நல்ல பையனின் கால்களில் ஒன்றும் தெரியாது, கழுத்தில்தான் தெரியும். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இடமும் வலமும் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருப்பான். பந்து காலைத் தொடும்போது அடுத்து எங்கே அனுப்புவது என்று முடிவாகியிருக்கும். உடம்பைச் சற்றே திறந்து வைத்து, தூரத்துக் காலால் வாங்குவான், ஏனென்றால் பக்கத்துக் காலால் வாங்கினால் பாதி மைதானம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இதைத்தான் எட்டு வயதிலிருந்து பழக்குகிறார்கள். வேகமும் பலமும் பிறகு வரும், வராமலும் போகும். தலையைத் திருப்பும் பழக்கம் 16 வயதில் ஆரம்பித்தால் ஒட்டாது.

1988ல் பயிற்சியாளராக வந்த யோஹான் க்ரைஃப் இன்னொன்றையும் உறுதிப்படுத்தினார்: சின்னப் பிள்ளைகளின் அணியும் முதல் அணியும் ஒரே மாதிரி ஆட வேண்டும். ஆகவே 17 வயதுப் பையன் ஒருவனை முதல் அணிக்குக் கூப்பிட்டால் அவன் புதிதாகப் படிக்க வேண்டியது அதிகமில்லை. ஆட்கள்தான் பெரியவர்கள், ஆட்டம் பழைய ஆட்டம்தான்.

இதெல்லாம் எப்போதும் இருந்தது. நாற்பது வருடங்களாகப் பள்ளிக்கூடம் ஏறத்தாழ ஒரே சீராக நடந்திருக்கிறது. ஏறி இறங்கியது வேறொன்று. இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளங்கும்.

2012 நவம்பர் 25, லெவான்தே அணியுடன் ஆட்டம். 14வது நிமிடத்தில் தானி ஆல்வெஸ் காயத்தால் வெளியேற, மார்தின் மொந்தோயா உள்ளே வந்தார். அந்த நிமிடத்திலிருந்து களத்தில் நின்ற பார்சலோனாவின் 11 பேரும் லா மாசியாக்காரர்கள். வால்தெஸ், புயோல், பிக்கே, ஆல்பா, புஸ்கெட்ஸ், சாவி, ஃபாப்ரெகாஸ், இனியெஸ்டா, பெத்ரோ, மெஸ்ஸி, கூடவே மொந்தோயா. ஆட்டம் 4-0.

2018 ஏப்ரல் 17, வீகோ நகரில் செல்தாவுடன் ஆட்டம். பார்சலோனாவின் ஆரம்பப் பதினொன்றில் லா மாசியாக்காரர் ஒருவர்கூட இல்லை. 2002க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. கோப்பை இறுதி ஆட்டம் நாலு நாளில் இருந்ததால் முக்கியமானவர்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள் என்பது நியாயமான சமாதானம். இருக்கட்டும். ஓய்வு கொடுக்கும் நாளில்தானே அகாடமிப் பையனுக்கு இடம் கிடைக்க வேண்டும்? அந்த இடங்களிலும் விலைக்கு வாங்கிய ஆட்களே நின்றார்கள்.

இடையில் நடந்தது பணம். 2017 ஆகஸ்ட்டில் நெய்மாரைப் பாரிஸ் கிளப் 22.2 கோடி யூரோ கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனது. கையில் காசு இருக்கிறது, ரசிகர்கள் கோபத்தில் இருக்கிறார்கள், தலைவர் ஏதாவது செய்தாக வேண்டும். தெம்பெலே, கூச்சின்யோ, கிரீஸ்மன் என்று இரண்டே ஆண்டுகளில் தலா பத்துக் கோடி யூரோவுக்கு மேல் போகும் மூன்று பேரை வாங்கினார்கள். அவ்வளவு கொடுத்து வாங்கியவரை உட்கார வைத்துவிட்டு 18 வயதுப் பையனை இறக்க எந்தப் பயிற்சியாளருக்கும் தைரியம் வராது. இறக்கித் தோற்றால் அவர் வேலை போகும், வாங்கியவரை இறக்கித் தோற்றால் பழி இன்னொருவர் தலையில் விழும்.

பிள்ளைகள் இதை நன்றாகப் படித்திருந்தார்கள். அந்தக் காலத்தை ஒட்டி வெளியேறியவர்களின் பட்டியல் நீளம். ஓல்மோ 2014லேயே, 16 வயதில், யாரும் எதிர்பாராத குரோஷியாவின் தினாமோ ஸாக்ரெபுக்குப் போனார். கோல்கீப்பர் ஒனானா அயாக்ஸுக்கு, கிரிமால்தோ பென்ஃபிகாவுக்கு, எரிக் கார்சியா மான்செஸ்டர் சிட்டிக்கு, சாவி சிமோன்ஸ் பாரிஸுக்கு. குக்குரேயா இரவலில் ஹெதாஃபேவுக்குப் போய், பிறகு அந்தக் கிளப்புக்கே நிரந்தரமாக மாறினார்.

இதில் இங்கிலாந்துக் கிளப்புகளுக்கு ஒரு வசதி இருந்தது. ஸ்பெயினில் 16 வயது வரை தொழில்முறை ஒப்பந்தம் போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதான பையன் நாடு விட்டு நாடு மாறலாம் என்று ஃபிஃபா விதி சொன்னது. 16வது பிறந்தநாளுக்கு லண்டனிலோ மான்செஸ்டரிலோ ஒருவர் காகிதத்தோடு காத்திருப்பார். 2003ல் ஃபாப்ரெகாஸ், 2004ல் பிக்கே, 2017ல் எரிக் கார்சியா, எல்லாரும் இந்த வழியாகத்தான் போனார்கள். மூன்று பேரையும் பின்னால் கிளப் திரும்ப அழைத்துக்கொண்டது வேறு கதை. பிரெக்ஸிட் முடிந்து 2021 பிறந்ததும் அந்த வழி அடைபட்டது. இப்போது 18 வயது ஆகாத வெளிநாட்டுப் பையனை இங்கிலாந்துக் கிளப் எடுக்க முடியாது. பிரிட்டனில் வாக்களித்தவர்கள் பார்சலோனாவின் அகாடமிக்கு வேலி போட்டுக் கொடுப்போம் என்று நினைத்தா வாக்களித்திருப்பார்கள்?

அதே 2021ல்தான் கல்லாவும் காலியானது. ஆகஸ்ட்டில் புதுத் தலைவர் லபோர்தா சொன்ன கடன் கணக்கு சுமார் 135 கோடி யூரோ. ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் சம்பள வரம்புக்குள் அடங்க முடியாமல் மெஸ்ஸியையே அனுப்ப வேண்டியதாயிற்று. மேடையில் ஏறியதும் பேச முடியாமல் கண்ணீர் விட்டார் மெஸ்ஸி.

இந்த இடத்தில் கணக்குப் புத்தகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். 6 கோடி யூரோவுக்கு ஒருவரை வாங்கி ஐந்து வருட ஒப்பந்தம் போட்டால், சம்பளம் போக, வருடத்துக்கு 1.2 கோடி செலவு என்று கணக்கில் எழுத வேண்டும். அகாடமிப் பையனுக்கு அந்த வரி பூஜ்யம். அவரை விற்றாலோ, வருவது கிட்டத்தட்ட முழுவதும் லாபம். 2023 அக்டோபரில் களமிறங்கி ஒரு நிமிடம் ஆவதற்கு முன்பே கோல் அடித்த மார்க் கியூ என்ற 17 வயதுப் பையனை அடுத்த கோடையில் செல்சி 60 லட்சம் யூரோவுக்குக் கொண்டு போனது. பையன் போனது நஷ்டம்தான், பேரேட்டில் மட்டும் லாபம். இது போக, வேறு நாட்டுக் கிளப்புக்கு வீரர் கைமாறும்போது, 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் 5 சதவீதத்தைப் பங்கு பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. போன பிள்ளையும் அவ்வப்போது வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் அணியில் பதிந்த இளைஞர் முதல் அணிக்கும் ஆடலாம் என்ற ஸ்பெயின் விதியும் கை கொடுத்தது. 25 பேர் பட்டியலில் இடம் பிடிக்க மாட்டார், சட்டையில் 25க்கு மேற்பட்ட எண் இருக்கும், அவ்வளவுதான். தொலைக்காட்சியில் பார்சலோனா ஆட்டம் பார்ப்பவர்கள் அந்தக் காலத்தில் 27, 30, 33 என்ற எண்களைக் கண்டு இவர்கள் யார் என்று தேடியிருப்பீர்கள். 30 காவி, 27 யமால், 33 குபார்சி.

காவி (நிறத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) 11 வயதில் செவியா பக்கத்திலிருந்து வந்தவர். மெஸ்ஸி போன அதே மாதம் முதல் அணிக்கு இறங்கினார், அக்டோபரில் 17 வயது 62 நாளில் ஸ்பெயினுக்கே ஆடினார். அவரையும் பால்தே என்ற இன்னொரு அகாடமிப் பையனையும் இறக்கியவர் அப்போதைய பயிற்சியாளர் கூமன். அக்டோபர் கடைசியில் கூமன் போக, நவம்பரில் பழைய ஆட்டக்காரர் சாவி பயிற்சியாளராக வந்தார். யமால், ஃபெர்மின் லோபெஸ், குபார்சி மூவரையும் உள்ளே விட்டவர் அவர். கதவைத் திறந்தவரின் பெயர் சாவி என்பது தமிழில் படிப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் உபரி.

பாவ் குபார்சியைத்தான் எனக்குக் காட்டாமல் போக மனமில்லை. ஹிரோனா மாவட்டத்தின் ஒரு குக்கிராமத்தில், தச்சு வேலைக் குடும்பத்தில் பிறந்த தடுப்பாட்டக்காரர். 2024 மார்ச்சில் நாப்போலிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் அவர்களின் முன்கள வீரர் ஒசிமனைக் கட்டிப்போட்டபோது அவருக்கு 17 வயது, ஆட்ட நாயகனும் அவரே. நம் ஊர் நேரம் அதிகாலை ஒன்றரைக்கு விழித்திருந்து பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம்: பந்து காலில் இருக்கும்போது எதிரி பாய்ந்து வர வர, அவர் நிற்பார். அவசரமில்லை. எதிரி ஒரு அடி அதிகம் வைத்ததும், அவன் விட்டு வந்த இடைவெளி வழியாக நடு வரிசையைத் தாண்டி ஒரு தரைப் பந்து போகும். ரொண்டோவின் நடுவில் இருப்பவனை ஒரு அடி இழுத்துவிட்டு அனுப்பும் அதே பந்து. வட்டம் பெரிதாகியிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

ஃபெர்மின் வந்த வழி வேறு. 2022ல் மூன்றாம் நிலைப் போட்டியில் ஆடும் லினாரெஸ் கிளப்புக்கு இரவல் போனார். அங்கே யாரும் அழகான பாஸுக்குக் கை தட்டுவதில்லை, முழங்கையால் இடிப்பார்கள். இரண்டு வருடம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் 6 கோல், அதில் இறுதி ஆட்டத்தில் இரண்டு, கழுத்தில் தங்கம். எல்லாரும் 15 வயதில் வர வேண்டியதில்லை என்பதற்கு அவரைத்தான் காட்டுவேன்.

யமால் பற்றி ஏற்கெனவே எல்லாரும் எழுதிவிட்டார்கள். மத்தாரோ நகரின் ரொக்கஃபொந்தா குடியிருப்பு, கோல் அடித்ததும் அதன் அஞ்சல் குறியீட்டின் கடைசி மூன்று இலக்கமான 304ஐ விரல்களால் காட்டுவது, ஐரோப்பியக் கோப்பையின்போது ஓட்டல் அறையில் பள்ளிப் பாடம் எழுதியது. நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான்: அவர் கிளப்பில் சேர்ந்தது 2014ல், 7 வயதில். கிளப் கோடி கோடியாகக் கொட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் பின்கட்டில் அவரை யாரோ ரொண்டோவில் நிற்க வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். முன்கட்டில் இடமில்லை என்பது பின்கட்டுக்குத் தெரியாதது போலவே வேலை நடந்தது. கடன் வந்ததால் யமால் உருவாகவில்லை. கடன் வந்ததால் அவருக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை.

2024 அக்டோபரில், சாவிக்குப் பிறகு பயிற்சியாளராக வந்த ஹான்சி ஃப்ளிக்கின் அணி ரியல் மாட்ரிட்டை அவர்கள் மைதானத்திலேயே 4-0 என்று சாய்த்தபோது ஆரம்பப் பதினொன்றில் ஆறு பேர் அகாடமிக்காரர்கள்: இன்யாகி பேன்யா, குபார்சி, பால்தே, கசாதோ, ஃபெர்மின், யமால். ஆறு பேரையும் சேர்த்து வாங்கிய விலை என்று எதுவும் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 16 வயதில் கைவிட்டுப் போன ஓல்மோவைச் சுமார் 5.5 கோடி யூரோ கொடுத்துத் திரும்ப வாங்கியிருந்தார்கள். சம்பள வரம்பு இடிக்க, ஆண்டு முடிவில் அவர் பதிவே காலாவதியாகி, புது மைதானத்தின் உயர்தர இருக்கைகளை முன்கூட்டி விற்றும், அரசு விளையாட்டு மன்றத்தின் கதவைத் தட்டியும் ஜனவரியில் மறுபடி பதிந்தார்கள். சொந்தப் பிள்ளையை வீட்டுக்குள் சேர்க்க இவ்வளவு செலவு.

திறந்த கதவுக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கிளப் கட்டுவதில்லை, முழங்கால்கள் கட்டுகின்றன.

2019 ஆகஸ்ட்டில் 16 வயது 304 நாளில் கோல் அடித்து, கிளப்பின் மிக இளைய லீக் கோல்காரர் என்று அன்று பெயரெடுத்தவர் கினி-பிசாவில் பிறந்த அன்சு ஃபாத்தி. 2020 நவம்பரில் முழங்கால் சவ்வு கிழிந்தது. ஒரு அறுவையோடு முடியவில்லை. மெஸ்ஸி விட்டுப் போன 10ஆம் எண்ணை 18 வயதில் அவருக்கே கொடுத்தார்கள், அந்த எண்ணுக்கேற்ற கால் அதன் பிறகு அவருக்குத் திரும்பவே இல்லை. காவிக்கு 2023 நவம்பரில் முழங்கால் தசைநார் அறுந்து 11 மாதம் போனது, 2025ல் அதே காலில் மறுபடி கத்தி. 17 வயதில் 2024 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே ஆரம்பப் பதினொன்றில் இடம் பிடித்த மார்க் பெர்னால், மூன்றாவது ஆட்டத்தில் தசைநார் அறுந்து ஒரு வருடம் உட்கார்ந்தார். காயம் யாருக்கும் வரலாம், உண்மைதான். ஆனால் எலும்பு முற்றாத வயதில் மூன்று நாளுக்கொரு ஆட்டம், இடையில் தேசிய அணி, கோடையில் கோப்பை என்றால் காயத்தை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போலத்தான்.

ஒரு ஒப்பீடு போதும். 18 வயது முடிந்த நாளில் மெஸ்ஸி பார்சலோனாவின் முதல் அணிக்காக ஆடியிருந்த போட்டிகள் 9. அதே நாளில் யமால் நூறைத் தாண்டியிருந்தார். மெஸ்ஸியின் காலத்தில் முன்னால் ரொனால்டினோவும் எதூவும் இருந்தார்கள், பையனைப் பொத்திப் பொத்தி வைக்க முடிந்தது. யமாலுக்கு முன்னால் கடன்தான் இருந்தது. 2025 ஜூலையில் 10ஆம் எண் அவருக்குப் போனது. இரண்டு மாதத்துக்குள் தொடை இடுக்கில் வலி வந்தது. வலி மாத்திரை கொடுத்து ஆட வைத்தார்கள் என்று தேசிய அணி மீது ஃப்ளிக் பகிரங்கமாகக் குறைப்பட்டுக்கொண்டார். இரு தரப்புக்கும் அவர் வேண்டும், ஓய்வு கொடுக்க வேண்டியது மட்டும் எப்போதும் எதிர்த் தரப்பின் வேலை.

உடம்பு முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். போயான் கிர்கிச்சுக்கு நடந்தது தெரியவில்லை. 2007ல் 17 வயதில் வந்து, மெஸ்ஸியின் இளவயதுச் சாதனைகளையே முறித்த பையன். அடுத்த மெஸ்ஸி என்ற பட்டம் முதலில் ஒட்டியது இவர் நெற்றியில்தான். 2008 பிப்ரவரியில் ஸ்பெயினுக்காக முதல் ஆட்டம் ஆட வேண்டிய நாளில் ஒதுங்கினார், வயிற்றுக் கோளாறு என்று அறிவித்தார்கள். வயிற்றில் ஒன்றுமில்லை, தலை சுற்றலும் பதற்றமும் என்று பத்து வருடம் கழித்து அவரே சொன்னார். அந்தக் கோடையின் ஐரோப்பியக் கோப்பைக்கும் அவர் போகவில்லை. போயான் நாட்டுக்கு மறுப்பு சொன்னார் என்று செய்தி வந்தது. பிறகு ரோம், மிலன், ஆம்ஸ்டர்டாம், ஸ்டோக், மொன்ட்ரியால் என்று சுற்றி, ஜப்பானில் ஆடிவிட்டு 2023ல் ஓய்வு பெற்றார்.

அதே ஆண்டு பார்சலோனா அவரைத் திரும்ப அழைத்து ஒரு வேலை கொடுத்தது. மைதானத்தில் அல்ல. வேறு கிளப்புகளுக்கு இரவல் போகும் இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து, அவர்களோடு தொடர்பில் இருப்பது. அந்த ஆண்டு இரவல் போனவர்களில் ஒருவர், இங்கிலாந்தின் பிரைட்டனுக்குப் போன 20 வயது அன்சு ஃபாத்தி.